நெடுநாள் ஆசைப்பட்ட கார் கைக்கு வரும் முதல் நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் முதல் நாளைப் பற்றி இம்மாதம் பல கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை போர்ஷே 911 என்ற ஒரே காரைச் சுற்றியே எழுதப்பட்டிருப்பதால், அந்தக் காரை முன்வைத்தே பதில் சொல்கிறேன். நானும் பழைய 911 ஒன்றைப் பல ஆண்டுகள் வைத்திருந்தவன். அதனால் இந்தக் கடிதங்களை வழக்கத்தைவிடச் சற்று நெருக்கமாகவே படித்தேன்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): எனக்கு வயது 53. பம்ப்செட் உதிரி பாகங்கள் தயாரிக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். 1991-ஆம் ஆண்டு பாலிடெக்னிக் விடுதியில் படித்தபோது, அறைச் சுவரில் போர்ஷே 911 படத்தை ஒட்டி வைத்திருந்தேன். வரும் வெள்ளிக்கிழமை காலை சென்னையில் புதிய 911 கரேரா காரை டெலிவரி எடுக்கிறேன். அன்றைக்கே கோவைக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பது என் ஆசை. ரிஸ்க் எடுக்க வேண்டாம், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்? முதல் நாளில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: நீங்களே ஓட்டி வாருங்கள். 34 ஆண்டுகள் காத்திருந்து வாங்கிய காரை லாரியின் மேல் கட்டி வைத்து, பின்னால் இன்னொரு வண்டியில் அதைப் பார்த்துக்கொண்டே வருவதை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையே புறப்பட வேண்டாம். ஷோரூமில் கையெழுத்துகள், படங்கள், விளக்கங்கள் எல்லாம் முடிந்து சாவி கைக்கு வரும்போது நண்பகலாகிவிடும். அதன் பிறகு புறப்பட்டால், ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரத்தின் பின்பாதியை இருட்டில், பழக்கமில்லாத காரில், களைத்த உடம்போடு ஓட்ட வேண்டியிருக்கும். வெள்ளிக்கிழமை சென்னையிலேயே தங்குங்கள். காரோடு பழகுவதற்கென்றே அந்த நாளை ஒதுக்குங்கள். சனிக்கிழமை விடியற்காலை ஊருக்குக் கிளம்புங்கள். மகனும் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டான் என்று நினைக்கிறேன்.

ஷோரூமில் காருக்கு மேல் போர்த்திய துணியை விலக்கும் அந்த நிமிடத்தில் கண் கலங்கினால் கலங்கட்டும். அது அடங்கிய பிறகு, காரை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடத்தின் விளக்கு வெளிச்சத்தில் தெரியாத சிறு கீறலும் பாலிஷ் செய்த சுழல் தடமும் வெயிலில் தெரிந்துவிடும். 17 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சேசிஸ் எண்ணை விலைப் பட்டியலோடும் இன்சூரன்ஸ் பத்திரத்தோடும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும், பின்னாளில் இழப்பீடு கேட்கும்போது அது பெரிய தலைவலியாகும். நான்கு டயர்களின் பக்கவாட்டிலும் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் சொல்லும் நான்கு இலக்க எண் இருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் ‘என்’ எழுத்தும் ஓர் இலக்கமும் சேர்ந்த குறியும் இருக்கும். போர்ஷே நிறுவனம் தன் கார்களில் சோதித்து ஒப்புதல் அளித்த டயர் என்பதற்கான அடையாளம் அது. அடுத்த முறை டயர் மாற்றும்போதும் அதே குறி உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். சாவிகள் இரண்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். சக்கரத் திருட்டைத் தடுக்கும் சிறப்புப் போல்ட்டுகள் உங்கள் காரில் இருந்தால், அவற்றைக் கழற்றும் சாக்கெட் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். இந்தக் காரில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஆனால் அடைக்கும் திரவமும் சிறிய காற்றடிக்கும் கருவியும் மட்டுமே தருவார்கள். அவற்றைப் பயன்படுத்தும் முறையை ஒருமுறை நேரில் செய்து காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். உளுந்தூர்பேட்டைக்கு அப்பால் சாலையோரத்தில் நின்று கையேட்டைப் புரட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

அதன் பிறகு எஞ்சினை முடுக்காமலேயே அரை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருங்கள். இருக்கையின் உயரம், முதுகுச் சாய்வு, ஸ்டீயரிங்கின் தூரம், மூன்று கண்ணாடிகள் ஆகியவற்றை நிதானமாகச் சரிசெய்து நினைவகத்தில் பதிந்துவிடுங்கள். எஞ்சினை முடுக்கும் இடம் 911-இல் எப்போதுமே ஓட்டுநரின் கதவுப் பக்கம்தான். சாவித் துவாரம் போய்க் குமிழ் வந்து, இப்போது பட்டனாக மாறிவிட்டபோதிலும் அந்த இடம் மாறவில்லை. நீங்கள் சுவரில் ஒட்டியிருந்த கார் அதே மரபில் வந்ததுதான். 1963 செப்டம்பரில் ஃப்ராங்க்ஃபர்ட் கண்காட்சியில் இந்தக் கார் முதன்முதலில் மக்கள் முன் வைக்கப்பட்டபோது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் பிரான்சில் தமக்கே உரியவை என்று பெஜோ நிறுவனம் மறுப்புத் தெரிவித்ததால், 1964-இல் அது 911 ஆயிற்று. ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே வரைந்த அந்தக் கூரைக் கோடு, இத்தனை தலைமுறைகள் கடந்தும், பின்பக்கம் சரிந்து இறங்கும் அதே வளைவோடு இருக்கிறது. வெள்ளிக்கிழமை பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, விடுதிச் சுவரில் பார்த்த அதே உருவத்தை நீங்கள் அடையாளம் கண்டுகொள்வதற்குக் காரணம் அதுதான்.

இனி ஓட்டுவதற்கு வருவோம். ஆறு சிலிண்டர்கள், பக்கத்துக்கு மூன்றாகப் படுக்கை வசத்தில் எதிரெதிரே அமைந்த அந்த எஞ்சின், பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. காரின் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் பின் சக்கரங்களின் மீதே இறங்குகிறது. இதனால் நின்ற இடத்திலிருந்து எழும்போது பின் சக்கரங்களுக்கு அபாரமான பிடிப்புக் கிடைக்கும். 3 லிட்டர் கொள்ளளவும் இரட்டை டர்போவும் கொண்ட இந்த எஞ்சின், 4 விநாடிகளுக்குச் சற்று மேலான நேரத்தில் காரை 100 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுசெல்வதில் அந்தப் பிடிப்புக்குப் பெரும் பங்குண்டு. அதே அமைப்பினால்தான், வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தால், எடை முன்னால் பாய்ந்து பின்பக்கம் வெளியே வழுக்கப் பார்க்கும். இன்றைய மின்னணுக் கட்டுப்பாடுகள் இதைப் பெருமளவு தடுத்துவிடுகின்றன என்றாலும், இயற்பியலை அவை நீக்கிவிடவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை மெல்ல அழுத்தியபடி வெளியே வருவதை முதல் நாளிலிருந்தே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

புது டயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்கும். புது பிரேக் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். இரண்டுக்கும் சில நூறு கிலோமீட்டர் நிதானமான ஓட்டம் தேவை. அதாவது, உங்கள் மனம் மிகவும் பரபரக்கும் நாளில்தான் இந்தக் காரின் பிடிப்பும் நிறுத்தும் திறனும் முழுமை பெறாமல் இருக்கின்றன. இந்த ஒன்றை மட்டும் மறக்காமல் இருங்கள். முதல் நாள் விபத்துகளில் பாதி இதை அறியாததால் வருபவை என்றே நான் கருதுகிறேன். மழை பிடித்துக்கொண்டால், முன் சக்கர வளைவுகளுக்குள் இருக்கும் ஒலி உணரிகள் தண்ணீர் தெறிக்கும் சத்தத்தைக் கேட்டு, ஈரச் சாலைக்கான ‘வெட்’ முறைக்கு மாறச் சொல்லித் திரையில் அறிவிக்கும். அறிவிப்பு வந்தவுடன் தயங்காமல் மாறிவிடுங்கள்.

எஞ்சினைப் பழக்கும் காலத்துக்கான சுழற்சி வரம்பும் கிலோமீட்டர் கணக்கும் கையேட்டில் அச்சிடப்பட்டிருக்கும். நண்பர்கள் சொல்வதை விட்டுவிட்டு அதையே பின்பற்றுங்கள். பட்டறை நடத்தும் உங்களுக்கு, புதிதாகக் கடைந்த பாகங்கள் ஒன்றோடொன்று படிவது எப்படி என்று நான் விளக்கத் தேவையில்லை. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் போவதைத் தவிர்த்து, வேகத்தையும் கியரையும் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். எண்ணெய் வெப்பநிலையைக் காட்டும் அளவி இந்தக் காரில் உண்டு. முள் தன் வழக்கமான இடத்துக்கு வரும்வரை எஞ்சினை உறும விடாதீர்கள். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியை பானெட்டிலோ டிக்கியிலோ தேடவும் வேண்டாம். அளவு திரையில்தான் தெரியும். புது எஞ்சின் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாக எண்ணெய் குடிக்கும் என்பதால், சேலத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை 40, 50 கிலோமீட்டர் ஓட்டினால் போதும். சென்னை நகருக்குள் கார்களுக்கான உச்ச வேகம் 60 கிலோமீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30. இந்த வேகத்துக்குள்ளேயே ஸ்டீயரிங்கின் கனத்தையும் பிரேக் பெடலின் அழுத்தத்தையும் காரின் அகலத்தையும் உங்கள் உடம்பு கற்றுக்கொண்டுவிடும். முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அகலமானது என்பதால், குறுகிய சந்தில் திரும்பும்போது பின் சக்கர ரிம் நடைபாதை விளிம்பில் உரசிவிடும் வாய்ப்பு அதிகம்.

இதைவிடப் பெரிய கவலை முன் பம்பரின் அடிப்பகுதி. என்னுடைய காரின் முதல் கீறல் நெடுஞ்சாலையில் விழவில்லை. முதல் நாள் இரவு எட்டு மணிக்கு, என் வீட்டு வாசலில், தெரு மட்டத்திலிருந்து கேட்டுக்குள் ஏறும் சிமென்ட் சரிவில் விழுந்தது. 20 ஆண்டுகள் அந்தச் சரிவில் ஸ்கூட்டரும் மாருதியும் ஏற்றிய எனக்கு, அதன் கோணம் ஒருநாளும் கண்ணில் பட்டதேயில்லை. அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. ஆகவே, கார் கோவைக்கு வருவதற்கு முன்பே கொத்தனாரை அழைத்து உங்கள் வீட்டுச் சரிவை நீளமாக, சாய்வு குறைவாகக் கட்டிவிடச் சொல்லுங்கள்; பட்டறை வாசலையும் அப்படியே பார்த்துவிடுங்கள். சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் கணக்குப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம். நம் ஊர்களில் குறுக்கே ஒரு சுவரைப்போல எழுப்பி வைத்திருப்பவை அந்தக் கணக்கில் சேராதவை. முன் அச்சை உயர்த்தும் வசதியை நீங்கள் கேட்டு வாங்கியிருந்தால், அது முன்பக்கத்தை ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் தூக்கிக்கொடுக்கும். குறைந்த வேகத்தில் மட்டுமே வேலை செய்யும். வாங்கியிருக்காவிட்டால், நடைவேகத்துக்கு வந்து, எதிரே வண்டி இல்லாதபோது சற்றுச் சாய்வாக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர்கள் அடிக்கட்டும்.

சனிக்கிழமை ஐந்தரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியில் சாலை அகலமானது என்றாலும், தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதுவது அடிக்கடி நடப்பதால், முதல் பயணத்துக்கு அந்த வழியை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாகச் சேலம் வந்து, அங்கிருந்து ஈரோடு, அவிநாசி வழியாகக் கோவை சேருங்கள். லாரிகளின் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். அவற்றின் சக்கரங்கள் தெறிக்கும் கல் ஒன்று போதும், முன்பக்கப் பெயின்ட் பெயர்ந்துவிடும். பெயின்டைக் காக்கும் படலத்தை ஒட்டும் எண்ணம் இருந்தால், முன் பம்பருக்கும், பின் சக்கரங்களுக்கு முன்னால் புடைத்திருக்கும் பகுதிக்கும் சென்னையிலேயே ஒட்டிவிடுங்கள். தொழிற்சாலையில் சூளையில் உலர்ந்த பெயின்ட் என்பதால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. பெட்ரோலைப் பொறுத்தவரை, எஞ்சினுக்குள் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண்ணைப் பாருங்கள். இந்த எஞ்சினுக்கு அந்த எண் உயர்ந்ததாக இருக்க வேண்டும். இந்தியன் ஆயில் பங்க்குகளில் 95 ஆக்டேனும், சில இடங்களில் 2020 டிசம்பரில் அறிமுகமான 100 ஆக்டேனும் கிடைக்கின்றன. எந்த ஊரில் எந்த பங்க்கில் இருக்கிறது என்று முந்தைய இரவே பார்த்து வைத்துக்கொண்டு, சென்னையிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள்.

கேள்வி (வாசகி, திருச்சி): என் கணவர் அடுத்த வாரம் இதே மாதிரி கார் வாங்குகிறார். கோயிலில் பூசை போட வேண்டும் என்று என் மாமியார் சொல்கிறார். பெயின்ட் கெட்டுவிடும் என்று கணவர் தயங்குகிறார். முதலில் யாரை உட்காரவைத்துக் கூட்டிப்போவது என்பதிலும் வீட்டில் பேச்சு நடக்கிறது. மாமியாருக்கு வயது 78, முட்டி வலி உண்டு.

பதில்: பூசை போடுங்கள் அம்மா. சென்னையில் பல்லவன் சாலையில் இருக்கும் பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் புது வண்டியைக் கொண்டுவராத குடும்பம் குறைவு. இருசக்கர வண்டிக்குக் கிடைக்கும் அதே விபூதிதான் இந்தக் காருக்கும். கணவரின் தயக்கத்திலும் நியாயம் இருப்பதால், சில ஏற்பாடுகளை மட்டும் செய்துகொள்ளுங்கள். பொட்டை பெயின்டின் மேல் வைக்காமல் முன் கண்ணாடியின் மூலையில் வைக்கச் சொல்லுங்கள். குங்குமமும் மஞ்சளும் வெயிலில் காய்ந்தால் வெளிர் நிறப் பெயின்டில் கறையாகப் படியும், ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்தத் துகள்களே கீறும். மாலையைப் பூக்காரரிடம் கம்பியில்லாமல் வாழைநாரில் கட்டி வாங்குங்கள். தேங்காயைக் காரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி உடைக்கச் சொல்லுங்கள், ஓட்டுச் சில்லு எவ்வளவு தூரம் பறக்கும் என்பது உடைத்தவர்களுக்குத் தெரியும். எலுமிச்சைப் பழத்தை நான்கு சக்கரத்துக்கும் வைத்து ஏற்றுவதால் டயருக்கு ஒன்றும் ஆகாது. வீடு திரும்பியதும் சாறு பட்ட இடங்களில் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டால் போதும்.

யார் முதலில் என்ற கேள்விக்கு, மாமியார்தான் என்று தயக்கமில்லாமல் சொல்வேன். பின் இருக்கைகள் இருந்தாலும் அவை சிறு பிள்ளைகளுக்கான அளவே உள்ளவை. ஆகவே ஒரு நேரத்தில் ஒரு பெரியவர்தான் உடன் போக முடியும். முட்டி வலி உள்ளவர்கள் காலை முதலில் உள்ளே வைத்து ஏறப் பார்த்தால் சிரமப்படுவார்கள். இருக்கையை முழுவதும் பின்னால் தள்ளி, முடிந்தவரை உயர்த்தி, கதவை அகலத் திறந்து, வெளியே பார்த்தபடி முதலில் உட்காரவையுங்கள். பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து நீங்களே மெல்ல உள்ளே திருப்பிவிடுங்கள். இருக்கையின் மேல் ஒரு பட்டுத்துணியை விரித்தால் எளிதாகத் திரும்பும். நடைபாதைத் திட்டின் பக்கமாகக் காரை நிறுத்தினால் இறங்குவதும் சுலபம். என் அம்மாவை இப்படித்தான் ஏற்றினேன். கோயில்வரை ஒன்றரைக் கிலோமீட்டர். வழி முழுதும் ‘மெதுவாப் போப்பா’ என்பதைத் தவிர அவர் வேறு ஒன்றும் பேசவில்லை. அந்தக் காரில் நான் போன பயணங்களில் அதைவிட நிறைவானது வேறில்லை.

கேள்வி (வாசகர், மதுரை): 2011 மாடல் 911 ஒன்றைப் பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கி நேற்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உடனே செய்ய வேண்டியவை எவை?

பதில்: இன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டப்படி, கார் கைமாறும்போது மூன்றாம் நபருக்கான காப்பு தானாகவே உங்களுக்கு வந்துவிடும். உங்கள் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பு அப்படி வராது. 14 நாட்களுக்குள் பத்திரத்தை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை காரை ஷெட்டிலேயே வைத்திருப்பது நல்லது. உரிமை மாற்றத்துக்கான 29, 30-ஆம் படிவங்களில் விற்றவரின் கையெழுத்தும், கர்நாடக ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்றும் உங்கள் கையில் இல்லையென்றால், அவர் தொலைபேசியை எடுக்கும் இந்த நாட்களிலேயே வாங்கிவிடுங்கள்.

காரைப் பற்றி ஒரு நல்ல செய்தி. 911-இன் நீர்க்குளிர்ச்சி எஞ்சின்களில் 2008 வரை இருந்த இடைத்தண்டு (எஞ்சினின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குக் கடத்தும் தண்டு) பேரிங் கோளாற்றைப் பற்றி நீங்கள் நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2009 மாடலிலிருந்து வந்த புதிய எஞ்சினில் அந்தத் தண்டே கிடையாது. ஆகவே அந்தப் பயத்தை விட்டுவிடலாம். பழைய டயர்களையும் பழைய திரவங்களையும் பற்றித்தான் நான் கவலைப்படுகிறேன். டயரில் பூ நிறைய இருந்தாலும், தயாரித்து ஆறு ஆண்டுகள் கடந்திருந்தால் மாற்றிவிடுங்கள்; ரப்பர் கெட்டியாகியிருக்கும். பிரேக் திரவத்தை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றிய சான்று இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் கணினியில் அதிகச் சுழற்சிக்குப் போன தடவைகள் ஆறு படிகளாகப் பதிவாகியிருக்கும். வாங்கும் முன் பார்த்திருக்க வேண்டியது, இப்போதாவது எடுத்துப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: பேட்டரி முன்னால், டிக்கி மூடிக்கு அடியில் இருக்கிறது, அந்த மூடியோ மின்சாரத்தால் திறப்பது. பேட்டரி செத்துவிட்டால் மூடி திறக்காது. அப்போது ஃப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு மின்முனையில் வெளிப் பேட்டரியை இணைத்துத்தான் திறக்க வேண்டும். அந்த முனை எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே கண்டுபிடித்துவிடுங்கள்.

கேள்வி (வாசகர், சென்னை, வேளச்சேரி): இன்சூரன்ஸில் எந்தக் கூடுதல் காப்புகள் கட்டாயம் வேண்டும்?

பதில்: 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த பகுதியில் இருந்துகொண்டு கேட்கிறீர்கள், எஞ்சின் காப்புதான் முதலில். தண்ணீர் புகுந்த எஞ்சினை முடுக்கியதால் வரும் சேதத்தைச் சாதாரணப் பத்திரம் ஏற்காது. அடுத்தது, முழு விலையையும் திருப்பித் தரும் ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். விலை 2 கோடி என்றால் வரி மட்டுமே 40 லட்சம். காப்புத் தொகைக் கணக்கில் இது வராது. கார் முழுதாகப் போய்விட்டால் இந்தப் பணத்தை மீட்க இந்தக் காப்பு ஒன்றுதான் வழி. மழை எச்சரிக்கை வந்தவுடன் காரை உயரமான இடத்துக்குக் கொண்டுபோய்விடுவது இவை எல்லாவற்றையும்விட நல்லது.

கேள்வி (வாசகர், நாகர்கோவில்): எனக்கு வயது 22. மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். இந்தக் கார்களை வாங்கும் வசதி எனக்கு வருமா என்று தெரியவில்லை. ஆனாலும் பார்க்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை விடவில்லை. இது வீண் ஆசையா?

பதில்: வீணில்லை தம்பி. கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடீ கார் அருங்காட்சியகம் இருக்கிறது; ஒரு நாள் முழுக்க அங்கே செலவிடு. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் போட்டி நடக்கும் வார இறுதியில் போய், மெக்கானிக்குகள் வேலை செய்வதைப் பார். 911 எஞ்சினைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகள் நம் மாநிலத்தில் மிகக் குறைவு. முதல் நாளில் காரை வாங்கியவர்கள் எல்லோரும், சில ஆண்டுகள் கழித்து அப்படி ஒருவரைத் தேடி அலைகிறார்கள். நானும் அலைந்திருக்கிறேன்.

கேள்வி (வாசகர், சேலம்): 15 ஆண்டுகள் ஆசைப்பட்டு வாங்கிய கார் சென்ற மாதம் வந்தது. அன்று பகல் முழுதும் மகிழ்ச்சியாக இருந்தேன். இரவு எல்லோரும் போன பிறகு, இனம் தெரியாத ஒரு வெறுமை வந்தது. அன்றிலிருந்து காரை மூன்று முறைதான் எடுத்திருக்கிறேன். தவறு செய்துவிட்டேனா?

பதில்: இந்தக் கடிதத்தை நீங்கள் வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. இதே வெறுமை எனக்கும் வந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. 15 ஆண்டுகளாக உங்களோடு இருந்தது ஒரு கார் அல்ல, ஒரு காரைப் பற்றிய எதிர்பார்ப்பு. கடன் கட்டும்போதும், தொழிலில் அடிபட்டபோதும், ‘ஒருநாள்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ள அது துணையாக இருந்தது. கார் வாசலுக்கு வந்த அன்று அந்தத் துணை விடைபெற்றுக்கொண்டது. வந்திருக்கும் காரோ உங்களுக்கு இன்னும் அறிமுகமாகாதது. பழகிய ஒருவர் போய், பழகாத ஒருவர் வீட்டுக்கு வந்த இரவு அது. இதில் தவறு எங்கும் இல்லை. காசை வீணாக்கிவிட்டோமோ என்ற கேள்வியையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்; குடும்பத்தின் தேவைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கியிருந்தால் மட்டுமே அது கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை.

மூன்று முறைதான் எடுத்தேன் என்கிறீர்கள்; எனக்குக் கவலை தருவது அதுதான். கீறல் விழுமோ, யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஷெட்டில் பூட்டி வைத்தால், பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கம் தட்டையாகும், எலி வயரைக் கடிக்கும், காரும் அந்நியமாகவே இருந்துவிடும். நான் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு ஞாயிறும் விடியலில் ஒரே சாலையில், ஒரே தூரம், தனியாகப் போய்வந்தேன். நான்காவது வாரம் கியர் மாறும் இடத்தை எஞ்சின் சத்தத்திலேயே கண்டுகொண்டேன். ஏழாவது வாரமோ எட்டாவது வாரமோ, ஒரு வளைவில் என் கை தானாகவே சரியான அளவுக்குத் திரும்பியது. அன்றைக்குத்தான் அந்தக் கார் என்னுடையதாயிற்று. பதிவுச் சான்றிதழில் உள்ள தேதியைவிட அந்த ஞாயிற்றுக்கிழமையையே என் முதல் நாள் என்று நான் எண்ணிக்கொள்கிறேன்.

உங்களுக்கு ஏற்காடு மலை அடிவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. மலை ஏற வேண்டாம், அடிவாரம் வரை போய்த் திரும்புங்கள். சனிக்கிழமை இரவே டயர் காற்றைப் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதமாகப் பெரும்பாலும் நின்ற வண்டி, காற்று இறங்கியிருக்கும். ஞாயிறு காலை, வெயில் படும் முன், டயர் சில்லென்று இருக்கும்போது அளந்து, கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் உள்ள அளவுக்குக் காற்றடித்துவிட்டுக் கிளம்புங்கள்.